ஈ எது, எழுத்து எது

ஈயடிச்சான் காப்பி என்ற கேலி தமிழில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் பழைய கணக்கைப் பார்த்துப் பிரதி எடுக்கிறார். மூலத்தில் ஒரு ஈ நசுங்கி ஒட்டியிருக்கிறது. இவரும் ஒரு ஈயைத் தேடிப்பிடித்து அடித்து, அதே பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டிவிடுகிறார். கதை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடந்த ஒரு வருஷமாக எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. அவருக்கு உழைப்பில் குறை இல்லை, கவனத்திலும் குறை இல்லை. ஈ எது, எழுத்து எது என்று பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிரிப்பு நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. விமர்சனம் என்று நாம் செய்கிற வேலையே பெரும்பாலும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த உதாரணம் நாவல் இல்லை, சினிமா இல்லை. ஒரு சைக்கிள் ஃப்ரேம். தஞ்சாவூரில் என் நண்பன் ஒருவன் 1970-களின் இத்தாலியப் பந்தய சைக்கிள் ஃப்ரேம் ஒன்றைக் கையாலேயே மறுபடி செய்துகொண்டிருக்கிறான். பகலில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வெல்டிங் பட்டறையின் மூலையில் இந்த வேலை. அவன் எடுத்துக்கொண்ட மூலம் மாசி கிரான் கிரிட்டேரியம். “மாசி மாசத்துல ஓட்டுறதா?” என்று கேட்காதவர்கள் குறைவு. மாசி என்பது ஆள் பெயர். ஃபலியேரோ மாசி, இத்தாலிக்காரர். மிலானில் விகோரெல்லி என்ற சைக்கிள் பந்தய மைதானத்துக்கு அடியிலேயே பட்டறை வைத்திருந்தவர். பழைய ஸ்டீல் சைக்கிள் பைத்தியங்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள்.

இந்த நகலைப் பற்றி எனக்கு இரண்டு கேள்வி. ஒரு நகல் எதை நகல் எடுக்கிறது? முடித்தபிறகு அதன்மேல் யார் பெயர் இருக்க வேண்டும்? முதல் கேள்வி அழகியல் மாதிரி தெரியும், இரண்டாவது அறம் மாதிரி. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் கட்சி.

*

முதலில் பொருள். ஒரு ஸ்டீல் ஃப்ரேம் என்பது எட்டுப் பத்து குழாய்கள். அவை கூடுகிற மூட்டுகளில் லக் என்ற இரும்பு உறை. குழாயின் வாயை அரைவட்ட அரத்தால் ராவி, அடுத்த குழாயின் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். பிறகு லக்கைச் சூடாக்கி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி உள்ளே ஓடவிட வேண்டும். குழாய் உருகக் கூடாது, பித்தளை மட்டும்தான் உருக வேண்டும். பித்தளைக்குக் கிட்டத்தட்ட 900 டிகிரி செல்சியஸ். வெள்ளிக் கலவைக்கு 650, 700 போதும். நகைப் பட்டறையில் வெங்காரம் போட்டு ஊதிப் பற்றவைப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்.

நல்ல குழாயின் ரகசியம் அதன் நடுவில் இருக்கிறது. இரண்டு நுனியும் தடிமன், நடு மெலிது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பர்மிங்காமில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பம் 1897-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. 1935-ல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் ஸ்டீல் குழாய் அடுத்த நாற்பது, ஐம்பது வருஷம் பந்தய சைக்கிளின் எலும்பாக இருந்தது. நுனியில் சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கும் சுவர், நடுவில் சுமார் 0.5 மில்லிமீட்டர். பட்டறையின் அண்ணன் பவர் டில்லருக்கும் போர் பைப்புக்கும் அறுவடை மிஷின் பாகங்களுக்கும் வெல்டிங் வைத்தே பழகியவர். முதல்முறை அந்தக் குழாயைக் கையில் வாங்கிச் சுண்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது குழாயா கடுதாசியா? இதுல நெருப்பக் காட்டுனா பொத்துக்கிட்டுல்ல போயிரும்” என்றார். பிறகு அவர்தான் நண்பனுக்கு நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இரும்பு மங்கிய சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம்.

இதெல்லாம் கைத்திறன். கைத்திறனை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிற கட்டுரைகளை நாம் நிறையப் படித்தாயிற்று. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மாசிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: தையல்காரர். பந்தய வீரனின் உடம்புக்கு ஏற்ப ஃப்ரேமைத் தைத்துக் கொடுப்பார் என்று பொருள். என் நண்பன் அளவெடுத்து வைத்திருப்பது 58 சென்டிமீட்டர் ஃப்ரேம். அது ஆறடி ஆளுக்கானது. இவன் ஐந்தடி ஐந்தங்குலம். மில்லிமீட்டர் பிசகாமல் செய்தால், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் காலையும் முதுகையும் நகல் எடுத்ததாகிவிடும். இவனால் அதை ஓட்ட முடியாது. தன் உடம்புக்கு 52-ல் செய்தால் ஓட்டலாம். ஆனால் அப்போது அது எதன் நகல்? எந்த எண்ணும் மூலத்தோடு ஒத்துப்போகாது.

இந்த இடத்தில் சுவாமிமலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் இருக்கிற ஊர். நகல் எடுப்பதை நூற்றாண்டுகளாக யோசித்துச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஸ்தபதி சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கிக்கொள்வார். அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார். உத்தம தசதாளம் என்றால் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, தொடைக்கு இத்தனை. ஓலையில் அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. மடிப்பு மட்டும்தான். ஆறு அங்குலச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் ஒரே கணக்கு. அளவை விட்டுவிட்டு விகிதத்தைக் காப்பாற்றுகிற முறை அது.

அடுத்தது இன்னும் முக்கியம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு போயே போச்சு. அடுத்த நடராஜருக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே வார்க்கப்படுகிற நடராஜர் ஒவ்வொருவரும் முந்தைய நடராஜரின் நகல்தான். ஆனால் ஒருவர் மாதிரி இன்னொருவர் இருக்கவே முடியாது. நகல் என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கிற மட்டமான பொருள் அந்தத் தெருவில் செல்லுபடியாகாது.

சரி, அந்த ஓலையைச் சைக்கிளுக்கும் பயன்படுத்தலாமே? நண்பன் அதைத்தான் முயற்சி செய்தான். முழுசாக முடியவில்லை. சைக்கிளில் ஒரு பொருள் சுருங்க மறுக்கிறது: சக்கரம். 58-க்கும் அதே சக்கரம்தான், 52-க்கும் அதே சக்கரம்தான். ஃப்ரேம் குறுகும்போது முன்சக்கரம் பெடலில் இருக்கிற கால்விரலைத் தொட வருகிறது. அதைத் தவிர்க்க முன்னால் கோணத்தைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், பின்னால் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். ஹெட் ட்யூப் குட்டையாகி, மேல் லக்கும் கீழ் லக்கும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நெருங்கிவிடுகின்றன. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? லக்கின் முனை வேல் மாதிரி கூர்மையாக இருப்பது எழுத்தா, ஈயா? எழுத்து என்று இவன் நினைக்கிறான். ஃபோர்க்கின் தலைப் பகுதியின் வடிவம்? எழுத்து. மூலத்தில் ஒரு லக்கின் ஓரத்தில் அரம் வழுக்கியதால் இருக்கிற கீறல்? மாசியின் பட்டறையில் யாரோ ஒருத்தர் சாயங்கால அவசரத்தில் விட்டது அது. ஈதான். அதையும் போட்டால் ‘அசல்தன்மை’ கூடும் என்று சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நம் கணக்குக்காரரின் வாரிசுகள்.

*

நகல் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது பார்க்கிற கண்ணை மட்டும் வைத்து முடிவாகிற விஷயம் இல்லை, எடுத்து உபயோகிக்கிற உடம்பும் அதைத் தீர்மானிக்கிறது. காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஃப்ரேமின் முக்கோணம் பந்தயக்காரனுக்கு உறுதி தருகிற அமைப்பு. எங்களுக்கு அது முதலில் ஒரு ஓட்டை. குரங்கு பெடல் போடுகிறவன் வலதுகாலை அந்த ஓட்டைக்குள் விட்டுத்தான் உலகத்தைப் பார்க்கக் கிளம்புகிறான். பாருக்கு மேலே கால் எட்டாது, அதனால் பாருக்குக் கீழே நுழைந்து ஓட்டுகிறான். 2024-ல் வந்த ‘குரங்கு பெடல்’ படத்தின் தலைப்பு தமிழ்நாட்டில் யாருக்கும் அகராதி கேட்காமல் புரிந்தது இதனால்தான்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் அவர் எழுதுகிறார். காரணம் அந்த பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். சைக்கிளை வடிவமைத்தவர்கள் ஆணுக்கென்று போட்ட ஒரு குழாயைப் புதுக்கோட்டைப் பெண்கள் தொட்டில் கம்பு மாதிரி வாசித்தார்கள். ஒரு வடிவத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் விமர்சனம் செய்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு உண்மை கொஞ்சம் வேடிக்கை. நம் ஊர் சைக்கிளே ஒரு நகல்தான். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், நன்றாகச் சாய்ந்த ஃபோர்க், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால இங்கிலாந்து சைக்கிளின் வடிவம் அது. அங்கே அது காட்சிப் பொருள் ஆனபிறகும் இங்கே அச்சு மாறாமல் வந்துகொண்டே இருந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. அந்த ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1928-லேயே ரெனால்ட்ஸ் கம்பெனியை வாங்கியிருந்தது. ஆக, வரப்போரம் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு போன சுமார் 20 கிலோ ஹெர்குலிஸும், பந்தய சைக்கிளின் கடுதாசிக் குழாயும் ஒருவகையில் பங்காளிகள். 1980-ல் யோப் சூட்டமெல்க் டூர் டி ஃப்ரான்ஸை ஜெயித்த அணியின் பெயர் டிஐ-ராலே. நம் தாத்தாக்களின் சைக்கிளிலும் அதே இரண்டெழுத்து.

ஆனால் இங்கே அந்த இங்கிலாந்து நகல் சும்மா நகலாக நிற்கவில்லை. பால் கேன் மாட்ட ஒரு கொக்கி. மூட்டைக்காக கேரியருக்குக் கீழே கூடுதல் முட்டு. ஒரு பாருக்குப் பதில் இரண்டு பார். மழைநாளில் ஆற்றங்கரைச் சேற்றில் வழுக்காமல் போவதற்கு அந்தச் சாய்ந்த ஃபோர்க்கும் நீண்ட உடம்பும்தான் சரி. பந்தய சைக்கிளின் நிமிர்ந்த கோணம் அந்தக் கரையில் பத்து நிமிஷம் தாங்காது. இப்போது அதே சைக்கிளுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து, டயரில் காற்றில்லாமல், சுற்றுலா விடுதிகளின் சுவரில் மாட்டிவைக்கிறார்கள். முட்டையும் கொக்கியையும் கழற்றிவிட்டு மாட்டுகிறார்கள், அழகு கெடுகிறதாம். எழுத்தை அழித்துவிட்டு ஈயைச் சட்டம் போட்டு மாட்டினால் இப்படித்தான் இருக்கும்.

*

இனி பெயர்.

நண்பன் போட்ட சில படங்களைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். ஃப்ரேமை வாங்கிக்கொள்கிறேன் என்றார். நல்ல விலைதான். மாசி ஸ்டிக்கர் ஒட்டி, அந்தக் காலத்துப் பெயின்ட்டில் கொடுத்தால் விலை இரண்டு மடங்கு. பழைய சைக்கிளைப் புதுப்பிக்கிறவர்களுக்காக அந்த ஸ்டிக்கர்கள் அச்சடித்தே கிடைக்கின்றன, கஷ்டமே இல்லை. குழாய், லக், சிலிண்டர் என்று நண்பன் போட்டது எல்லாம் கடன். இரட்டை விலை என்றால் கடன் தீர்ந்து அடுத்த ஃப்ரேமுக்கும் குழாய் வாங்கலாம். ஒற்றை விலை என்றால் இந்த வேலை இதோடு சரி.

நான் ஸ்டிக்கர் வேண்டாம் என்றேன். அவன் சொன்ன பதில் என்னை நாலு நாள் யோசிக்க வைத்தது. “மாப்ளே, மாசியே வேற பேர்லதானடா செஞ்சு குடுத்தாரு?”

உண்மைதான். அந்தக் காலத்தில் பந்தய அணிக்கு ஏதாவது ஒரு சைக்கிள் கம்பெனி பணம் கொடுக்கும். வீரனுக்கோ மாசி தைத்த ஃப்ரேம்தான் வேண்டும். மாசி செய்துகொடுப்பார், மேலே கம்பெனியின் பெயரை ஒட்டி ஓட்டுவார்கள். எடி மெர்க்ஸின் பெயர் தாங்கிய ஃப்ரேம்களை ஒரு காலத்தில் உகோ டி ரோசா செய்தார். இங்கிலாந்தில் கோயில் கோபுரம் மாதிரி சுருள் சுருளான லக்குகளுக்குப் பேர்போன ஹெட்சின்ஸ் ஃப்ரேம்களை வைத்துப் பாருங்கள். ஹெட்சின் கடைக்காரர். அரம் பிடித்துச் செய்த கை ஜாக் டென்னி என்ற இன்னொருவருடையது. மாசியின் கதை அதற்கும் மேலே. 1970-களில் அந்தப் பெயரிலேயே அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஃப்ரேம்கள் செய்ய ஆரம்பித்தார்கள். அதே பெயர், அதே பாணி, வேறு கைகள். அங்கே முன்னின்று வேலை பார்த்த மரியோ கொன்ஃபென்டே பிறகு தன் சொந்தப் பெயரில் ஃப்ரேம் செய்தார்.

அப்படியானால் அசல் என்று நாம் கும்பிடுவதிலேயே பெயரும் கையும் ஒத்துப்போகவில்லை. மூலமே பொய் சொல்லும்போது நகல் மட்டும் எதற்கு உண்மை பேச வேண்டும்? ரொம்ப நியாயமான கேள்வி.

என் பதிலை நான் சைக்கிளிலிருந்து எடுக்கவில்லை, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிவபுரத்திலிருந்து எடுக்கிறேன். 1951-ல் அந்த ஊரில் நிலத்தை உழும்போது சோழர்காலச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. அதில் ஒன்று நடராஜர். சில வருஷம் கழித்து, பழுதுபார்ப்பதற்கென்று அந்தச் சிலைகள் கும்பகோணத்து ஸ்தபதி ஒருவரிடம் கொடுக்கப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல் நடராஜர் மும்பைக்குப் போய், கைமாறிக் கைமாறி நியூயார்க்குக்குப் போனார். 1973-ல் அமெரிக்காவின் நார்டன் சைமன் அறக்கட்டளை அவரை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குப் போட்டு, சமரசமாகி, 1986-ல்தான் அவர் நாடு திரும்பினார். கோயிலில் இருப்பது நகல் என்பதை வெளியே சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். சோழர்களின் ஆரம்பகாலச் செப்புத்திருமேனிகளைப் பற்றி 1965-ல் அவர் எழுதிய புத்தகத்தில் அது இருக்கிறது.

இதைத் திருட்டுக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். திருட்டுதான். எனக்கு இதில் இன்னொன்று உறுத்துகிறது. அந்த நகலைச் செய்த கை நல்ல கை. சிலையைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்தவர்களுக்குச் சந்தேகம் வராத அளவுக்கு நல்ல கை. ஆனால் அந்த வேலையை யாரும் ஒரு வார்த்தை பாராட்ட முடியாது. முகத்தை இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறாரே, திருவாசியை இப்படி எடுத்திருக்கிறாரே என்று யாரும் எழுத முடியாது. யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால்தான் அதற்கு வாழ்வு. பாரெட் உற்றுப் பார்த்தார், அதோடு முடிந்தது. அதே கை அதே நடராஜரைச் செய்து, இது இன்னாரின் நகல், நான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அது சுவாமிமலை மரபில் இன்னொரு நல்ல சிலை. சொல்லாததால் போலி. உலோகம் ஒன்றுதான், மெழுகு ஒன்றுதான், 124 பங்கும் ஒன்றுதான்.

இதே கணக்கை நண்பனின் ஃப்ரேமுக்குப் போட்டுப் பார்க்கலாம். மாசி ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன ஆகும்? 52-க்காக முன்கோணத்தைச் சாய்த்தானே, அது மாசி செய்யாத ஒன்று, ஆகவே பிழை. லக் முனையை இன்னும் கால் மில்லிமீட்டர் ராவினானே, பிழை. கீறலைப் போடாமல் விட்டானே, அதுவும் பிழை. ஒரு வருஷம் யோசித்து எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒரே ஸ்டிக்கரில் குற்றமாக மாறிவிடும். பார்க்கிறவர்கள் அவற்றைத் தேடிப்பிடிப்பார்கள், அவன் அவற்றை மறைக்க வேண்டிவரும். அவன் பெயர் இருந்தால்? அதே மாற்றங்கள் மாசியைப் பற்றி அவன் சொல்கிற கருத்து. மாசி விஷயத்தில் ஒட்டிய பெயர் மாசியைத்தான் மறைத்தது, அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சம்மதித்தார். வீரனுக்கும் யார் செய்தது என்று தெரியும். இங்கே ஒட்டப்போகிற பெயர், வாசித்தவனையும் வாசிப்பையும் சேர்த்து மறைக்கும்.

*

நம் மரபில் கைவினைக்காரன் பெயர் போடமாட்டான், அதுதான் அழகு என்று உருகுகிறவர்கள் உண்டு. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் கையெழுத்து இல்லை என்பது சரி. ஆனால் பெரிய கோயில் சுவரில் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்கள் 400 பேருடைய பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதும் இருக்கிறது. கொடுக்கப்பட்ட திருமேனிகளின் உயரம் முழம், விரல் கணக்கில் இருக்கிறது. பெயரையும் அளவையும் எழுதிவைப்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்த ஊர் இது. பெயரின்மையை நம் தலையில் கட்டுவது பிற்கால ரொமான்ஸ்.

ஏடு எழுதினவர்களைப் பாருங்கள். பனையோலை செல்லரித்துப் போகும், ஆகவே நகல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழந்தமிழ் நூல்கள் நமக்கு வந்து சேர்ந்ததே நகலின் நகலின் நகலாகத்தான். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடு எழுத்தில் தெரியாது. ஆகவே பிரதி செய்கிறவன் புரிந்துகொண்டுதான் எழுத வேண்டியிருந்தது, புரியாவிட்டால் தவறாக எழுதுவான். சில ஏடுகளின் கடைசியில் எழுதி முடித்த நாளும் எழுதினவர் பெயரும் இருக்கும். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டார். ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் அதற்குப் பெயர் பாடபேதம். பிழை என்று தூக்கி எறியாமல், இப்படியும் ஒரு வாசிப்பு இருக்கிறது என்று குறித்துவைக்கிற சொல் அது. தமிழ் விமர்சனத்துக்குக் கிடைத்த மிகப் பெருந்தன்மையான சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இது பிரதி என்று பிரதி ஒத்துக்கொள்ள வேண்டும். தன்னையே மூலம் என்று சொல்கிற ஏட்டுக்குப் பாடபேதம் கிடையாது, பித்தலாட்டம்தான். ஆகவேதான் எதை நகல் எடுக்கிறது என்ற கேள்வியும் யார் பெயர் என்ற கேள்வியும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. ஈ எது எழுத்து எது என்று ஒருத்தன் முடிவு செய்துவிட்டான் என்றால், அந்த முடிவுக்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னபோது, “கடனையும் பாடபேதம்னு எழுதி வெச்சுக்கவா?” என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் சொல்கிற அறத்துக்கு விலை கொடுப்பது நான் இல்லை, அவன். நகலை நகல் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்க முடியாத சந்தை இருக்கும்வரை ஸ்டிக்கர்கள் அச்சாகிக்கொண்டுதான் இருக்கும். சிவபுரத்து ஸ்தபதியின் காலத்திலும் கணக்கு இதுதான். நல்ல கையை வைத்திருப்பவனுக்கு அவன் பெயரில் கிடைப்பது சிறிய காசு, வேறொரு பெயரில் கிடைப்பது பெரிய காசு. அசலையே கும்பிட்டுக்கொண்டிருக்கிற ரசிகர்களும் சேர்ந்து உண்டாக்கிய கணக்கு அது. நகலைப் பார்க்கும்போது ‘அப்படியே இருக்கே’ என்று மட்டும் வியக்கிற நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம். எங்கே அப்படியே இல்லை, ஏன் இல்லை என்று கேட்கிற ரசிகன் வந்தால்தான் செய்தவன் பெயருக்கு ஒரு மதிப்பு வரும்.

போன வாரம் அவன் பெங்களூர்க்காரருக்கு ஒரு பக்கத்தில் பட்டியல் அனுப்பினான். மூலத்திலிருந்து இந்த ஃப்ரேம் மாறுகிற ஒன்பது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம். விலை ஒற்றை விலைதான். இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் அவன் பெயின்ட் அடிக்காத ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு ஒரு பாத்திரக்கடைக்குப் போனான், பெடல் அச்சு உட்காரும் கூட்டின் அடியில் பெயர் வெட்டுவதற்கு. எவர்சில்வர் குடத்திலும் சீர்ப் பாத்திரத்திலும் பெயர் வெட்டுகிற பெரியவர் ஃப்ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு பேரு தம்பி? குடுக்குறவங்க பேரா, வாங்குறவங்க பேரா?”

“செஞ்சவன் பேருங்க.”

“அப்படி யாரும் வெட்டச் சொல்றதில்லையே” என்றார் அவர். வெட்டிக் கொடுத்தார்.